நடுவீட்டு நாய்

"நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டுல வச்சாலும் அது வாலைக் கொழைச்சிக்கிட்டு பீ திங்கத்தான் போகும்."

இந்தப் பழமொழியைக் கேட்காமல் வளர்ந்த மலேசியத் தமிழர் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், இதை யாரும் நாயைப் பற்றிச் சொல்வதில்லை. குடியை விட்டுவிட்டதாகச் சாமி படத்தின் முன்னால் சத்தியம் செய்த சித்தப்பா மறுபடியும் கடைப்பக்கம் ஒதுங்கும்போது சொல்வார்கள். மூன்றாவது வேலையையும் விட்டுவிட்டு வந்து நிற்கும் அண்ணனைப் பார்த்துச் சொல்வார்கள். அது மனிதர்கள் மேல் சொல்லும் தீர்ப்பு. பிறவிக் குணம் மாறாது, அவ்ளோதான்.

இதை நாயைப் பற்றிய வாக்கியமாகவே படித்துப் பார்த்தால் மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன. ஒன்று, நாயின் இடம் நடுவீடு அல்ல. இரண்டு, அதை எவ்வளவு கழுவினாலும் சுத்தம் அதற்குள் இறங்காது. மூன்று, அது அதன் குணம். நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இன்று உலகத்தின் பெருநகரங்களில் நாய் நடுவீட்டில்தான் இருக்கிறது. எங்கே போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்று கற்றுக்கொண்டு சோபாவுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறது. பழமொழி சொன்ன மூன்றும் எப்படித் தோற்றன என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

போன வருடம் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு இரண்டரை மாதக் குட்டி ஒன்று வந்தது. செம்பனைத் தோட்டத்து ஓரமாகக் கிடந்த தெருநாய்க் குட்டி. நிறத்தைப் பார்த்து கோப்பி என்று பெயர் வைத்தோம். அது வந்த பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் வரலாறு படித்தவன் இல்லை, தொழிற்சாலையில் வேலை செய்யும் பொறியியலாளன். ஓர் இயந்திரம் சரியாக ஓடவில்லை என்றால், அதைக் கட்டியவர்கள் என்ன நினைத்துக் கட்டினார்கள் என்று தேடிப் போகும் பழக்கம் தொழிலோடு வந்தது.

குட்டிக்கு ஏற்கனவே தெரிந்தது

1914இல் ஜெர்மனியின் பான் நகரை ஒட்டிய ஓபர்காசெல் என்ற இடத்தில் கல் உடைத்தவர்கள் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். உள்ளே ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய். சுமார் 14,000 ஆண்டுகள் பழமையானது. மனிதனோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட நாய்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழையவற்றில் ஒன்று. அந்த நாயின் பற்களை ஆராய்ந்து 2018இல் ஒரு கட்டுரை வந்தது. இறக்கும்போது அதற்கு ஏழு மாதம்கூட ஆகவில்லை. அது குட்டியாக இருந்தபோதே டிஸ்டெம்பர் என்ற கொடிய நோய் கண்டதற்கான தடம் பற்களில் இருந்தது. யாரும் பார்த்துக்கொள்ளாமல் அந்த நோயோடு அது அத்தனை வாரங்கள் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

டிஸ்டெம்பர் என்றால் காய்ச்சல், வாந்தி, பேதி. அந்தக் குட்டியால் வேட்டைக்கும் போக முடியாது, காவலுக்கும் நிற்க முடியாது. அதன் அழுக்கை யாரோ வாரிக் கொட்டியிருக்க வேண்டும். நாயை வேலைக்காகத்தான் மனிதன் வளர்க்க ஆரம்பித்தான் என்று பள்ளியில் படித்த எனக்கு இந்தச் செய்தி பெரிய வியப்பாக இருந்தது.

நாய்க்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்பதும் உண்மை இல்லை. பிறந்த குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க முடியாது. தாய் நக்கிக் கொடுத்தால்தான் வரும். வருவதைத் தாயே தின்றுவிடும். அப்படித்தான் குட்டிகள் படுத்திருக்கும் இடம் காய்ந்திருக்கிறது. ஏறக்குறைய மூன்று வாரத்தில் குட்டி தள்ளாடிக்கொண்டு படுக்கையை விட்டு விலகிப் போய்க் கழிக்கத் தொடங்கும். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

இதை முறையாகக் கவனித்துப் பதிவு செய்தவர்களில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் முக்கியமானவர்கள். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஐந்து இன நாய்களை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965இல் புத்தகமாக வெளியிட்டார்கள். எட்டரை வாரம் வாக்கில் குட்டி தனக்கென ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு திரும்பத் திரும்ப அங்கேயே போகத் தொடங்குகிறது என்பது அவர்களின் கவனிப்புகளில் ஒன்று. காலுக்கு அடியில் புல் இருந்தால் புல், சிமெண்டு இருந்தால் சிமெண்டு. எது பழகுகிறதோ அதைத்தான் பிறகும் தேடும்.

ஆக, 'படுக்கிற இடத்தை அசிங்கப்படுத்தாதே' என்பது குட்டி கொண்டு வருகிற பாடம். அதற்குத் தெரியாதது ஒன்றுதான். அது தன் படுக்கையாக நினைப்பது ஒரு மூலை, நாம் நம் படுக்கையாக நினைப்பது ஆயிரம் சதுர அடி. வரவேற்பறையின் தூரத்து மூலை, குட்டியின் கணக்கில், வெளியூர். நாம் கற்றுக்கொடுக்க வேண்டியது சுத்தம் இல்லை, வீட்டின் எல்லை.

வெளியே இருந்த நாய்

அப்படியென்றால் நம் முன்னோர்கள் ஏன் இதைக் கற்றுக்கொடுக்கவில்லை? தேவை இருக்கவில்லை என்பதுதான் பதில்.

தமிழர்கள் நாயை மதிக்காதவர்கள் இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. தன் எசமானோடு நின்று திருடர்களைக் கடித்த கோவிவன் என்ற நாயின் பெயர் அதில் வெட்டப்பட்டிருக்கிறது. நாயின் உருவமும் இருக்கிறது. ஆனால் கோவிவனின் இடம் மாட்டுப்பட்டி. கல்லில் பெயர் கிடைத்த நாய்க்கும் வீட்டுக்குள் இடம் கிடைத்திருக்கும் என்று தோன்றவில்லை.

மலாயாத் தோட்டத்திலும் அதேதான். என் பாட்டி கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரு நாய் இருந்தது, எந்த வீட்டுக்குள்ளும் நாய் இருந்ததில்லை என்பார். மணி, டைகர், ஜிம்மி என்று பெயர். மீந்த சோறும் கருவாட்டுக் குழம்பும் வாசலில் விழும். கொல்லைக்குப் பின்னால் காடு. அது எங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை. பகலில் காட்டு வேலைக்குப் போகிறவர் பின்னாலேயே போகும், இரவில் படிக்கட்டில் படுக்கும். இப்படிப்பட்ட நாய்க்கு எதைக் கற்றுக்கொடுப்பது?

ஐரோப்பியப் பண்ணைகளிலும் நாய் முற்றத்தில்தான் கிடந்தது. நகரங்களில் தெருவில் கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் நாயின் மலத்துக்கு விலையே இருந்தது. ஹென்றி மேஹ்யூ 1851இல் லண்டன் ஏழைகளைப் பற்றி எழுதிய பெரிய நூலில் அதைப் பொறுக்கி விற்றுப் பிழைத்தவர்களைப் பற்றி ஒரு பகுதி உண்டு. பெர்மண்ட்சி வட்டாரத்துத் தோல் பதனிடும் கூடங்கள் வாளிக் கணக்கில் வாங்கின. தோலைத் தூய்மையாக்கப் பயன்பட்டதால் அதன் வணிகப் பெயரே 'பியூர்', அதாவது தூய்மை. நாயின் மலத்துக்குத் தூய்மை என்று பெயர் வைத்த ஊரும் உலகத்தில் இருந்திருக்கிறது!

அதே காலத்தில்தான் நிலைமை மாறத் தொடங்கியது. நடுத்தர வர்க்கம் வளர்ந்தது. தரையில் கம்பளம் விரித்த வீடுகள் பெருகின. 1873இல் இங்கிலாந்தில் கென்னல் கிளப் தொடங்கியது. நாய் பிஸ்கட் ஒரு வணிகப் பொருளானது. நாய்க்கண்காட்சிகள் வந்தன. இனப்பெயரும் வம்சாவளியும் உள்ள நாய், காசு கொடுத்து வாங்கிய நாய், வீட்டுக்குள் வந்தது. அரண்மனையில் மடிநாய்கள் முன்பே இருந்தன, ஆனால் பின்னாலேயே துடைக்க வேலைக்காரர்களும் இருந்தார்கள். வேலைக்காரர் இல்லாத வீட்டுக்குள் நாய் வந்தபோதுதான் 'எப்படிப் பழக்குவது' என்ற கேள்வி பிறந்தது.

கம்பும் நேரமும்

நாயைப் பழக்குவதை ஒரு முறையாக எழுதி வைத்தவர்களில் முதன்மையானவர் கொன்ராட் மோஸ்ட். சார்ப்ரூக்கன் நகரில் பிரஷ்யக் காவல்துறையில் இருந்தவர். 1906இல் காவல்நாய்களைப் பழக்கத் தொடங்கினார், 1910இல் கையேடு எழுதினார். முதல் உலகப் போரில் ஜெர்மன் இராணுவ நாய்ப் பயிற்சியிலும் அவர் பங்கு பெரிது. அவர் முறையில் முள் கழுத்துப்பட்டையும் கம்பும் உண்டு. இன்று படித்தால் சங்கடமாக இருக்கும்.

ஆனால் கம்பு மட்டும் இல்லை மோஸ்ட். அவர் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னார். நாயை மனிதனைப் போல நினைக்காதே. அதற்கு நம் நியாய அநியாயம் தெரியாது. இரண்டாவது, நல்லதோ கெட்டதோ, செயல் நடக்கும் அந்தக் கணத்திலேயே விளைவு வர வேண்டும்.

மோஸ்டின் பாடத்தில் கம்பு பாதி, நேரம் பாதி. பொதுமக்கள் கம்பை எடுத்துக்கொண்டார்கள், நேரத்தை விட்டுவிட்டார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, காலையில் காய்ந்துபோன ஈரத்தைக் கண்டுபிடித்து, குட்டியை இழுத்து வந்து மூக்கை அதில் தேய்ப்பது. சுருட்டிய நாளிதழால் அடிப்பது. இவை எந்த விஞ்ஞானியும் கண்டுபிடித்தவை இல்லை. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக எல்லா நாட்டிலும் ஓடின. இன்றைக்கும் நம் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது "மூக்கை வச்சித் தேய், அப்பத்தான் புத்தி வரும்."

போருக்குப் பிறகு இன்னொரு கருத்தும் சேர்ந்துகொண்டது. 1947இல் ருடால்ஃப் ஷெங்கெல் பாசல் விலங்குக் காட்சியகத்தில் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து அவற்றின் அதிகாரப் போட்டியைப் பற்றி எழுதினார். அது மெல்ல நாய்ப் புத்தகங்களுக்குள் வந்தது. அதன்படி நாய் உன்னை ஆளப் பார்க்கிறது. மெத்தையில் ஈரம் செய்தால் அது அறைகூவல். நீதான் தலைவன் என்று காட்டு. 1978இல் வந்து பரவலாக விற்ற ஒரு புத்தகம், நியூ ஸ்கீட் துறவிகள் எழுதியது, நாயைத் தரையில் புரட்டிப் பிடித்து அடக்கும் முறையைச் சொன்னது. அதே துறவிகள் 2002இல் வந்த திருத்திய பதிப்பில் அந்த முறையைக் கைவிட்டார்கள். ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அநேகமாகத் தாய், தகப்பன், பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999இல் எழுதினார். கூண்டுக்குள் கைதிகள் நடந்துகொண்டதை வைத்து, ஒரு குடும்பத்துக்குச் சட்டம் எழுதியிருந்தார்கள்.

திருட்டு முழி

"ஆனா அதுக்குத் தெரியும்பா. நான் உள்ள வந்த உடனே திருட்டு முழி முழிக்குது." இதைச் சொல்லாத நாய் வளர்ப்பவர் இல்லை. காது மடங்கும், தலை தாழும், வால் காலுக்கு நடுவில் போகும், கண் ஓரமாகப் பார்க்கும். குற்ற உணர்ச்சி இல்லாமல் இது எப்படி வரும்?

நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார். 14 நாய்கள். சொந்தக்காரர் ஒரு தின்பண்டத்தை வைத்து, 'தொடாதே' என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போவார். அவர் இல்லாதபோது சில சுற்றில் நாய் தின்னும், சில சுற்றில் தின்னாது. திரும்பி வரும் சொந்தக்காரரிடம் சில சமயம் உண்மையும் சில சமயம் பொய்யும் சொல்லப்படும். விளைவு என்ன? தின்ற நாய், தின்னாத நாய் என்ற வேறுபாடு முகத்தில் தெரியவில்லை. திட்டு வாங்கிய நாய்தான் திருட்டு முழி முழித்தது. தப்பே செய்யாமல் திட்டு வாங்கிய நாயும் அப்படித்தான் முழித்தது.

அந்த முழி ஒப்புதல் வாக்குமூலம் இல்லை, 'அடிக்காதே' என்ற கெஞ்சல். அதைப் பார்த்துத்தான் நாம் இன்னும் இரண்டு அடி சேர்த்துப் போட்டோம். இத்தனை காலமும் எத்தனை குட்டிகள் இந்தத் தவறான மொழிபெயர்ப்பில் மாட்டிக்கொண்டிருக்கும்?

என் தொழிலில் இதற்குப் பெயர் பின்னூட்டத் தாமதம். குளியலறையில் சுடுநீர் வர நேரமாகும் வீட்டில் குளித்தவர்களுக்குப் புரியும். குழாயைத் திருகுவோம், சூடு வராது. இன்னும் திருகுவோம். திடீரென்று கொதிக்கும். பதறிப்போய் எதிர்ப்பக்கம் திருகினால் சில்லென்று வரும். குழாயில் பழுதில்லை, தண்ணீரிலும் பழுதில்லை. செயலுக்கும் விளைவுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் பழுது. எட்டு மணி நேரம் கழித்து மூக்கைத் தேய்க்கும்போது குட்டி கற்றுக்கொள்வது ஒன்றுதான்: கதவு திறந்து இவர் உள்ளே வந்தால் ஆபத்து. அதனால் அடுத்த முறை நம் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போய்க் கழிக்கும். நாம் அதையும் கள்ளத்தனம் என்போம்.

டிக் என்ற சத்தம்

1951 டிசம்பரில் பி.எஃப். ஸ்கின்னர் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் விலங்குகளுக்குக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். சாதாரண வாசகர் வீட்டில் செய்து பார்க்கும்படி எழுதியது. அழுத்தினால் டிக் என்று ஒலிக்கும் பொம்மை ஒன்று போதும். முதலில் டிக், உடனே தின்பண்டம் என்று பழக்கு. பிறகு நாய் நீ விரும்பியதைச் செய்யும் அந்தக் கணத்தில் டிக் கொடு. தின்பண்டம் இரண்டு வினாடி தாமதமாக வந்தாலும் பரவாயில்லை, டிக் சரியான நேரத்தில் வந்துவிட்டது. மோஸ்ட் சொன்ன அதே நேரம்தான், கம்பு மட்டும் இல்லை.

ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட் தம்பதியர் இதையே தொழிலாக்கிப் பல இன விலங்குகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். டால்பின்களோடு வேலை செய்த கேரன் பிரையர் 1984இல் எழுதிய புத்தகம் இந்த முறையைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுபோனது. டால்பினுக்குக் கழுத்துப்பட்டை மாட்ட முடியாது, அடிக்கவும் முடியாது. பிடிக்கவில்லை என்றால் நீந்திப் போய்விடும். அடிக்க முடியாத விலங்கிடமிருந்து, அடிக்க முடிந்த விலங்குக்கு ஒரு முறை வந்து சேர்ந்தது.

வீட்டுப் பழக்கத்துக்கு இன்று சொல்லப்படும் முறையை மூன்று வரியில் சொல்லிவிடலாம். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போ. அங்கே போனால் அந்த நொடியிலேயே பாராட்டு. பார்க்க ஆள் இல்லாத நேரத்தில் முழு வீட்டையும் கொடுக்காதே, சின்ன இடம் கொடு. எத்தனை மாதக் குட்டியோ அதோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம் பகலில் அடக்கும் என்பது தோராயக் கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரமே அதிகம். தவறிப் போனால் சத்தம் போடாமல் துடை. அதிலும் அம்மோனியா கலந்த திரவம் வேண்டாம். சிறுநீரின் வாடையே அம்மோனியாதான், 'இதுதான் உன் இடம்' என்று பலகை மாட்டியது போல ஆகிவிடும். வாடையைச் சிதைக்கும் நொதி கலந்த திரவம் கடைகளில் கிடைக்கிறது.

இந்தப் பட்டியலில் குட்டி செய்ய வேண்டியது எவ்வளவு, நாம் செய்ய வேண்டியது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். நூறு வருட வரலாறு முடிவில் வந்து நின்ற இடம் இதுதான். பழக்க வேண்டியது நம்முடைய நேரத்தை.

எங்கள் வீட்டில் இதை முதலில் புரிந்துகொண்டவர் பாட்டி. நான் கைப்பேசியில் அலாரம் வைத்து, அட்டவணை போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தேன். பாட்டி அதைப் பார்க்கவே இல்லை. நாற்பது வருடம் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தவருக்கு அட்டவணை எதற்கு? குட்டி மூக்கைத் தரையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் தூக்கிக்கொண்டு மின்தூக்கிக்குப் போய்விடுவார். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

"அதுக்குன்னு ஒரு நேரம் இருக்குய்யா. மரத்துக்கே இருக்கு. வெயில் ஏறிருச்சுன்னா பால் நின்னுரும், அப்புறம் நீ எவ்வளவு வெட்டினாலும் வராது. மரத்தைத் திட்டி என்ன ஆகப் போகுது? நாமதான் விடியறதுக்கு முன்னால போகணும்."

ரப்பர் மரத்தில் பாலின் அழுத்தம் விடியற்காலையில்தான் அதிகம் என்பது தாவரவியல். பாட்டி அதை உடம்பால் படித்தவர். கோப்பி ஏறக்குறைய ஐந்து வாரத்தில் பழகியது.

எட்டாவது மாடி

ஐந்து வாரம். இந்தக் கணக்கு முக்கியம்.

எழுபதுகளிலிருந்து தொண்ணூறுகள் வரை தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் நகரத்துக்கு வந்தார்கள். புறம்போக்கு வீடுகள், பிறகு மலிவு விலை அடுக்குமாடிகள். கொல்லை போனது. காடு போனது. வாசல் என்பது பொது நடைபாதை ஆனது. மணியும் டைகரும் பல குடும்பங்களில் அந்தப் பயணத்தில்தான் தொலைந்தன. பழமொழியில் இருந்த 'நடுவீடு' மட்டும்தான் மிச்சம், வெளியே என்று ஒன்று இல்லை.

அடுக்குமாடிக்கென்று சட்டம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாக விதிமுறைகளின் மூன்றாம் அட்டவணைப்படி, மற்ற குடியிருப்பாளர்களுக்குத் தொல்லை தரும் விலங்கை வீட்டில் வைக்கக் கூடாது. நிர்வாகம் எழுத்து மூலம் அறிவித்தால் மூன்று நாளுக்குள் அகற்ற வேண்டும். சட்டம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மின்தூக்கியில் ஒரு குட்டி சிறுநீர் கழித்துவிட்டால் அது என் வீட்டு விஷயம் இல்லை. எங்கள் மாடியில் மலாய்க் குடும்பங்கள் இருக்கின்றன. ஷாஃபி வழியைப் பின்பற்றும் அவர்களுக்கு நாயின் எச்சிலும் கழிவும் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். தொழுகைக்குப் போகிறவர் காலில் என் நாயின் ஈரம் பட்டால் அதன் பாரம் அவருடையதாகிறது. இந்த நாட்டில் குட்டியைப் பழக்குவது கம்பளத்தைக் காப்பாற்றும் வேலை மட்டும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து வாழும் வேலையும்கூட. பாட்டி குட்டியைத் தரையில் விடாமல் தூக்கிக்கொண்டே மின்தூக்கியில் இறங்கியதற்கு யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆனால் குட்டிக்கு வேண்டியது வாரங்கள், அறிவிப்பு கொடுப்பது மூன்று நாள். இந்த இடைவெளியில்தான் குட்டிகள் தெருவுக்குப் போகின்றன. எங்கள் கட்டடத்திலேயே இன்னொரு குட்டி இருந்தது. நடைபாதையில் இரண்டு முறை அசிங்கம் செய்தது, புகார் வந்தது, ஒரு வார இறுதியில் காணாமல் போனது. "சொல்லிச் சொல்லிப் பாத்தாச்சு, அது கொணம் அப்படி" என்றார்கள். அதற்கு மூன்று மாதம்கூட ஆகியிருக்காது.

ஜோகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு மாதிரி யோசித்துப் பார்த்திருக்கிறார்கள். சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான், அதுவும் அங்கீகரிக்கப்பட்ட இனப் பட்டியலில் இருக்க வேண்டும். நம் கோப்பி மாதிரி கலப்பினத் தெருநாய்க்கு அங்கே இடமே இல்லாமல் இருந்தது. 2012இல் 'அடோர்' திட்டம் என்ற பெயரில் உள்ளூர்க் கலப்பின நாய்களையும் அனுமதிக்கத் தொடங்கினார்கள், பயிற்சி வகுப்பு கட்டாயம் என்ற நிபந்தனையோடு. கட்டுப்பாடு இருக்கிறது, ஆனால் அது கற்றுக்கொள்ள இடம் விட்ட கட்டுப்பாடு. தெருநாய்க்கும் பாடம் ஏறும் என்று ஓர் அரசாங்க விதி ஒப்புக்கொள்கிறது.

யாருடைய மலம்

பழமொழியில் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. நடுவீட்டை விட்டு நாய் தின்னப் போன மலம், அது யாருடையது?

மனிதருடையது. கழிப்பறை இல்லாத ஊரில், கொல்லையிலும் வயல் வரப்பிலும் மனிதர்கள் ஒதுங்கிய ஊரில் உருவான பழமொழி அது. நாயின் குணம் என்று அது சொல்வது, உண்மையில் நம் ஊரில் கழிப்பறை இல்லை என்ற செய்தி.

மலாயாத் தோட்டத்திலும் இதே கதைதான் நடந்தது. லயங்களில் கொக்கிப்புழு பெரிய நோய். மலத்திலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து வெறுங்காலுக்கு வரும் நோய். தொழிலாளர்கள் கழிப்பறையைப் பயன்படுத்த மாட்டேன் என்கிறார்கள், காட்டுக்குத்தான் போகிறார்கள் என்ற குறை காலனிய கால அதிகாரிகளிடம் வழக்கமாக இருந்தது. அது அவர்கள் பழக்கம், அவர்கள் இயல்பு. பாட்டியிடம் கேட்டேன். "கக்கூஸ் இருந்துச்சு. ஒரு லயத்துக்கே நாலு. வாளி நெறைஞ்சி வழியும், ராத்திரியில வெளக்கு கெடையாது. காடே மேல்." நகரத்துக்கு வந்து, கதவும் தண்ணீரும் உள்ள கழிப்பறை கிடைத்த அன்றே எல்லாரும் பழகிவிட்டார்கள். யாரும் யார் மூக்கையும் எதிலும் தேய்க்க வேண்டியிருக்கவில்லை.

மனிதர்களை நாயோடு ஒப்பிட நான் வரவில்லை. ஒப்பிட்டவர்கள் முன்பே ஒப்பிட்டுவிட்டார்கள். 'கூலிகள் மாற மாட்டார்கள்' என்று அறிக்கை எழுதியவரும், சித்தப்பாவைப் பார்த்து நாய்ப் பழமொழி சொன்ன நாமும் ஒரே வாக்கியத்தைத்தான் பயன்படுத்தியிருக்கிறோம். ஏற்பாடு செய்து தராத இடத்தில் குணம் என்ற சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நேரத்துக்குக் கதவைத் திறக்காதவர்கள், உள்ளே இருப்பவரைக் குறை சொல்வதற்கு வசதியான சொல் அது.

நியூயார்க்கில் 1978இல் ஒரு சட்டம் வந்தது. தெருவில் நாய் கழித்ததை அதன் சொந்தக்காரரே அள்ள வேண்டும். அதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது, யார் குனிந்து அள்ளுவார்கள் என்று சிரித்தார்கள். இன்று உலகம் முழுக்க, பாதி விழித்த கண்ணோடு, கையில் பிளாஸ்டிக் பையோடு, நாயின் பின்னால் மனிதர்கள் நடக்கிறார்கள். நூறு வருடத்தில் நாய் கொஞ்சம் மாறியது. அதைவிட நிறைய மாறியவன் கயிற்றின் இந்த முனையில் இருப்பவன். மாற முடியாது என்று அவனைப் பற்றி யாரும் பழமொழி சொல்லி வைக்கவில்லை, அதனால் தப்பித்தான்.